சொரியாசிஸ்ல இந்த ஐஎல்-17, ஐஎல்-23 எல்லாம் என்ன பண்ணுது? குழம்பாம புரிஞ்சுக்க ஒரு வழி

சொரியாசிஸ்ங்கிற தோல் நோய் பத்தி தேட ஆரம்பிச்சா ஐஎல்-17, ஐஎல்-23, டிஎன்எஃப் ஆல்ஃபா, ஜாக், ஸ்டாட்னு பேரா வந்து மண்டை காய்ஞ்சிடும். எதையும் மனப்பாடம் பண்ணாதீங்க. ஐஎல், டிஎன்எஃப் எல்லாம் ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்புற சேதி புரோட்டீன், ஜாக், ஸ்டாட் அந்த சேதியை செல்லுக்குள்ள கடத்துற புரோட்டீன், அவ்ளோதான். ஒரு சேதியோட பேரைப் பாத்தா மூணு கேள்வி மட்டும் கேளுங்க: இதை அனுப்புறது எந்த செல், வாங்குறது எந்த செல், வாங்குனதும் அது என்ன பண்ணுது. இதுக்கு பதில் தெரிஞ்சா எல்லாம் தானா ஒரு வரிசைக்கு வந்துரும்.

தோல்ல இருந்தே ஆரம்பிங்க. நம்ம தோலோட மேல்படை செல்லு, அதாவது கெரட்டினோசைட், அடியில பிறந்து மேல ஏறி உதிர சாதாரணமா ஒரு மாசம் ஆகும். சொரியாசிஸ் தடிப்புல இதே வேலை 3லருந்து 5 நாள்ல முடிஞ்சிடுது, செல்லு பக்குவப்பட நேரமே இல்ல, உள்ள இருக்குற நியூக்ளியஸ் கூட மறையாம அப்படியே மேல வந்து குவியுது, அதுதான் அந்த வெள்ளை செதில். அடியில ரத்தக்குழாயும் பெருத்து மேல் தோலுக்கு ரொம்ப பக்கத்துல நிக்கும், அதனாலதான் செதிலை உரிச்சா புள்ளி புள்ளியா ரத்தம் வருது.

சரி, இவ்ளோ அவசரப்படுத்துறது யாரு? தோல்ல கீறலோ அடியோ பட்டா கெரட்டினோசைட்ல இருந்து எல்எல்-37னு ஒரு சின்ன புரோட்டீன் வெளிய வரும். செத்த செல்லோட டிஎன்ஏல இது ஒட்டிக்கிட்டா, காவலுக்கு இருக்குற டென்ட்ரிடிக் செல் அதை ஏதோ கிருமின்னு நினைச்சு முழிச்சுக்கும், இன்டர்ஃபெரான்னு ஒரு அபாயச் சேதி விடும், அதுல பக்கத்துல இருக்குற இன்னொரு வகை டென்ட்ரிடிக் செல்லும் கிளம்பி டிஎன்எஃப் ஆல்ஃபாவையும் ஐஎல்-23யையும் கொட்டும். இந்த ஐஎல்-23தான் எனக்கு இதுல முக்கியமான இடம்னு தோணுது, இதை நல்லா புடிச்சுக்கோங்க. அதை வாங்குறது டி செல், நோய் எதிர்ப்பு வேலை பாக்குற ஒரு வெள்ளணு. அதோட வெளிய சேதி வாங்குற ரிசெப்டர்ல ஐஎல்-23 வந்து உக்காந்ததும் உள்பக்கம் ஒட்டியிருக்குற டைக்2, ஜாக்2ங்கிற ரெண்டு என்சைமும் ஆன் ஆகி ஸ்டாட்3க்கு பாஸ்பேட் மாட்டி விடும், ஸ்டாட்3 நேரா நியூக்ளியஸுக்குள்ள போய் ஜீனை இயக்கும், டி செல் ஐஎல்-17, ஐஎல்-22 ரெண்டையும் தயார் பண்ண ஆரம்பிச்சிடும்.

இப்போ வாங்குறது திரும்பவும் கெரட்டினோசைட். ஐஎல்-22 அதைப் பெருகச் சொல்லும், பக்குவப்பட விடாது. ஐஎல்-17 வந்தா என்எஃப் கப்பா பிங்கிற, ஜீனை இயக்குற புரோட்டீன் வழியா ஐஎல்-8, சிசிஎல்20 எல்லாம் வெளிய வரும், முதலாவது நியூட்ரோஃபில்ங்கிற இன்னொரு வெள்ளணுவைக் கூப்பிடும், ரெண்டாவது இன்னும் டி செல்லைக் கூப்பிடும், கூடவே எல்எல்-37ம் ஏறும். கவனிச்சீங்களா, ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துட்டோம். ஒரு தடவை சுத்த ஆரம்பிச்சா தானா நிக்காததுக்கு காரணம் இதுதான்.

இந்த சுத்தை ஒரு பேப்பர்ல வட்டமா வரைஞ்சு, மருந்து எங்க வெட்டுதுன்னு குறிங்க. அடாலிமுமாப் டிஎன்எஃப்பை பிடிக்கும். குசெல்குமாப், ரிசான்கிசுமாப் ஐஎல்-23ஐ மட்டும், உஸ்டெகினுமாப் ஐஎல்-12ங்கிற இன்னொரு சேதியையும் சேத்து. செகுகினுமாப், இக்ஸெகிசுமாப் ஐஎல்-17ல ஏ வகையை. இதெல்லாம் ஊசி. 2022ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச டியூக்ராவாசிடினிப் மாத்திரை செல்லுக்குள்ள போய் டைக்2வைத் தடுக்கும்.

வட்டம் கையில இருந்தா டாக்டர் கேக்குறதுக்கு எல்லாம் அர்த்தம் புரியும். டிபி கிருமியை அடக்கி வைக்க டிஎன்எஃப் வேணும், அதான் டிஎன்எஃப்பை அடைக்குற ஊசிக்கு முன்னாடி டிபி டெஸ்ட். பூஞ்சையை தடுக்க ஐஎல்-17 வேணும், அதான் அதை அடைச்சா சிலருக்கு வாய்ல வெள்ளைப் படலம் வருது. க்ரோன்ஸ்ங்கிற குடல் அழற்சி நோய் இருக்குறவங்க ஐஎல்-17ஐ அடைக்குற ஊசி பேச்சு வந்தா கட்டாயம் முன்கூட்டியே சொல்லிடணும், குடல் நோய் மோசமாகலாம்.

இன்னொன்னு, தோல் முழுசா தெளிஞ்ச பிறகும் பழைய இடத்துல சில டி செல்லு ஞாபகத்தோட தங்கியிருக்கும், மருந்தை விட்டா பெரும்பாலும் அதே முழங்கைல, அதே முட்டில திரும்ப வர்றது இதனாலதான். அதனால தெளிஞ்சிருச்சேன்னு நீங்களா நிறுத்தாதீங்க, எப்போ எப்படி குறைக்கலாம்னு டாக்டர்கிட்ட கேட்டு பண்ணுங்க.