ஸ்கெட்ச் புத்தகம் மட்டும் போதாது

காலணி வடிவமைப்பில் மேற்படிப்புக்குத் தயாராகும் தம்பி தங்கைகளே, முதலில் ஒரு லாஸ்ட், அதாவது காலணி செய்யப் பயன்படும் பாத வடிவ அச்சு, வாங்குங்கள். சென்னை பெரியமேட்டில் தோல், சோல் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அதன்மேல் மாஸ்கிங் டேப்பை இடைவெளி விடாமல் ஒட்டி, டிசைனைப் பென்சிலால் வரையுங்கள். நடுக்கோட்டில் அறுத்து, உரித்து, அட்டையில் படிய வையுங்கள். சுருக்கம் விழும், எங்கே கீறிவிட்டால் படியும் என்று யோசிக்கிறீர்களே, வேலையின் உயிரே அதுதான். எனக்கு இன்றும் அலுக்காத இடம். லாஸ்டிங்குக்காக, அதாவது மேல்தோலை லாஸ்டின் அடிப்பக்கம் இழுத்து ஒட்டுவதற்காக, அடியில் 15 மில்லிமீட்டர் சேர்த்து வெட்டுங்கள். நேர்காணலுக்கு அந்த அட்டைகளையும் கொண்டுபோங்கள்.

கிண்டி மத்திய காலணிப் பயிற்சி நிலையம், இருங்காட்டுக்கோட்டை எஃப்.டி.டி.ஐ. (காலணி வடிவமைப்பு, மேம்பாட்டு நிறுவனம்) இரண்டையும் நேரில் பாருங்கள். இந்த ஆண்டு எந்த மேற்படிப்பு நடக்கிறது, பட்டறையில் மாணவருக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று கேளுங்கள்.