புதுக்கடை விளம்பரம்: குறைந்த காசும் எங்கே வீணாகிறது?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம்: கல்லடியில் ஒரு தையல் கடை, சாய்ந்தமருதில் வீட்டிலிருந்து கேக், செங்கலடியில் மதியச் சோற்றுப் பார்சல். எதுவானாலும் தொடங்குபவர் கையில் விளம்பரத்துக்கென்று மிஞ்சுவது சின்னத் தொகைதான். மெஷினுக்கும் கடை அட்வான்சுக்கும் போனது போக ஒரு இருபதாயிரம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒழுங்காகச் செலவழித்தால் முதல் மூன்று மாதத்துக்கு அது போதும். ஆனால் அந்தக் காசு கடைக்கு வரவே முடியாதவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. வரத் தயாராக இருந்தவர் போன் எடுத்தபோதோ மறுமுனையில் ஆளில்லை. கீழே உள்ள தவறுகளில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்றுதான்.

"விலைக்கு இன்பொக்ஸ் வாங்க"

ஒரு பிளவுஸ் படத்தைப் பேஸ்புக்கில் போட்டாயிற்று. கீழே ஒருவர் கேட்கிறார்:

"அக்கா, லைனிங் வெச்சுத் தைக்க எவ்வளவு?"

"இன்பொக்ஸ் வாங்க."

அவர் வருகிறார். நான்கு மணிநேரம் கழித்து "ஹாய்" என்று ஒரு பதில் போகிறது. அதற்குள் அவர் ஆரையம்பதியில் வேறொருவரிடம் துணியைக் கொடுத்துவிட்டார்.

விலையை மறைப்பதற்கு எல்லாரும் சொல்லும் காரணம், போட்டிக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும் என்பது. அவருக்கு எப்படியும் தெரியும். தங்கச்சியை அனுப்பிக் கேட்டிருப்பார். தெரியாமல் போவது வாடிக்கையாளருக்கு மட்டுந்தான். விலை போடாத இடத்தில் அவர் "கூடச் சொல்லுவாங்க போல" என்று நினைத்து அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

பதில் என்றால் அதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: விலை, அதற்குள் என்னென்ன அடக்கம், வருபவர் என்ன கொண்டுவர வேண்டும், எப்போது கிடைக்கும். "லைனிங் துணி உட்பட இவ்வளவு. அளவுக்கு ஒரு பழைய பிளவுஸ் கொண்டு வாங்க. 4 நாளில் எடுக்கலாம். காலை 9 முதல் மாலை 6 வரை கடையில் இருப்போம்." இதை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் விரைவுப் பதில் என்று ஒன்று இருக்கிறது. ஒருமுறை எழுதிச் சேமித்தால் ஒரு சாய்கோடும் ஒரு சொல்லும் அடித்தவுடன் முழுப் பதிலும் வந்துவிடும். கடை பூட்டிய நேரத்தில் தானாகப் போகும் செய்தியையும் அதிலேயே வைக்கலாம். "நாளை காலை 9 மணிக்குப் பதில் தருவோம்" என்று நேரத்தைக் குறித்து எழுதுங்கள். வெறும் "நன்றி, விரைவில் தொடர்புகொள்வோம்" என்பதை யாரும் நம்புவதில்லை.

இதற்கெல்லாம் புதுப் போன் வேண்டாம். இரண்டு சிம் போடும் போனில் சாதாரண வட்ஸ்அப்பும் பிஸ்னஸ் வட்ஸ்அப்பும் வெவ்வேறு இலக்கத்தில் ஒன்றாக ஓடும். கடைக்கென்று ஒரு இலக்கத்தை முதல் நாளே ஒதுக்காமல், மகனின் இலக்கத்தை நோட்டீசில் அடித்துவிட்டு, அவன் கட்டாருக்குப் போனபின் தவிப்பவர்கள் உண்டு.

வட்ஸ்அப்பில் இன்னொரு பொறி, ஒரே செய்தியைப் பலருக்கு ஒன்றாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் இலக்கத்தைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் செய்தி போகும். 250 பேருக்கு அனுப்பிவிட்டு ஒருவரும் கேட்கவில்லையே என்று மனம் நொந்து பயனில்லை. சேமித்தவர் இருபது பேராகவும் இருக்கலாம். ஸ்டேட்டசும் அப்படித்தான். ஆகவே பில் கொடுக்கும்போதே கேளுங்கள்: "அக்கா, நம்பரைச் சேவ் பண்ணுங்க, புது டிசைன் வந்தா ஸ்டேட்டஸ்ல பார்க்கலாம்." காசு செலவில்லாத விளம்பரத்தில் இதைவிடப் பலன் தருவது குறைவு. கேட்காமல் ஆட்களைக் குழுவில் இழுத்துப் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். முதல் நாளே பாதிப்பேர் வெளியேறுவார்கள், மற்றவர்கள் ஒலியை அடக்கி வைப்பார்கள்.

இலங்கை முழுவதும் பூஸ்ட்

பேஸ்புக்கில் காசு கட்டிப் பதிவைப் பலருக்குக் காட்டும் பூஸ்ட் பட்டனை அழுத்தி, இடம் "இலங்கை", வயது "18 முதல் 65" என்று விட்டுவிட்டால், கல்லடித் தையல் கடையைக் குருநாகலில் இருப்பவர் பார்த்து லைக் போடுவார். லைக் ஏறும், துணி வராது.

அதைத் திருத்துகிறேன் என்று வரைபடத்தில் மட்டக்களப்பு நகரில் இடத்தைக் குறிக்கும் முள்ளை ஊன்றி 15 கிலோமீற்றர் வட்டம் போடுவதும் பாதித் தீர்வுதான். வட்டத்தில் கிட்டத்தட்டப் பாதி கடல். அதனால் நட்டமில்லை, அங்கே பேஸ்புக் பார்க்க ஆளில்லை. மறுபக்கத்தில் வாவிக்கு அப்பால் படுவான்கரை இருக்கிறது. வரைபடத்தில் பக்கம்; ஆனால் வலையிறவுப் பாலம், மண்முனைப் பாலம், பட்டிருப்புப் பாலம் இவற்றில் ஒன்றைப் பிடித்துத்தான் இக்கரைக்கு வர வேண்டும். கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனைப் பாலம் தாண்டி வருபவர் முதலில் இறங்குவது ஆரையம்பதியில்; அங்கே தையல் கடைகளைத் தாண்டிக் கல்லடி வர அவருக்கு ஒரு காரணம் வேண்டும். ஒரு பெரிய வட்டத்துக்குப் பதிலாக, உங்கள் வாடிக்கையாளர் உண்மையில் எந்த வீதியால் வருகிறார் என்று பார்த்து, இரண்டு மூன்று இடங்களில் சிறிய வட்டங்களாக முள்ளை ஊன்றுங்கள்.

நோக்கம் என்ற இடத்தில் லைக், பார்வை என்பதை விட்டுச் "செய்தி அனுப்பச் செய்தல்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். எதைக் கேட்கிறீர்களோ அதைத்தான் பேஸ்புக் தேடித் தரும்: லைக் கேட்டால் லைக் போடுபவரை, பேச்சுக் கேட்டால் பேசுபவரை.

வெளிநாட்டு லைக்கைப் பற்றியும் ஒன்று. டோஹாவிலும் சூரிச்சிலும் இருந்து வரும் லைக் தையல்காரருக்கு வீண். கேக் செய்பவருக்கு அப்படியல்ல. உம்மாவின் பிறந்தநாளுக்குக் காத்தான்குடி வீட்டுக்குக் கேக் அனுப்ப நினைப்பவர் அங்கேதான் இருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு விளம்பரம் போடுங்கள். டிலிவரி எந்த ஊர்கள் வரை, பணம் எப்படி அனுப்பலாம், கேக் கொடுத்தபோது எடுத்த படம் வருமா என்பதை அதிலேயே எழுதுங்கள்.

பேஜை யார் பெயரில் திறக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். தெரிந்த தம்பி ஒருவர் தன் கணக்கில் திறந்து கொடுப்பார்; நல்ல எண்ணந்தான். பிறகு அவர் கணக்குப் பூட்டப்பட்டாலோ மனஸ்தாபம் வந்தாலோ பேஜும் அதோடு போகும். முழு அதிகாரம் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும், அவருக்கு வேலை செய்யும் அளவு அனுமதி போதும்.

யாருக்கும் வாசிக்க முடியாத பெயர்ப்பலகை

"இன்னார் என்டர்பிரைசஸ்" என்று பெரிதாக எழுதி, கீழே நுளம்பு அளவில் "சைக்கிள் உதிரிப்பாகங்கள்" என்று போடுவது ஊரெங்கும் காணும் தவறு. உங்கள் பெயர் இன்னும் ஒருவருக்கும் தெரியாது. சைக்கிள் எல்லாருக்கும் தெரியும். பெரிய எழுத்து அதற்குத்தான்.

எவ்வளவு பெரிது? பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பலகை எழுதுபவர்கள் வைத்திருக்கும் கணக்கு. மோட்டார் சைக்கிள் மணிக்கு 40 கிலோமீற்றரில் வந்தால் ஒரு வினாடியில் 11 மீற்றர் ஓடிவிடும். வாசித்து முடிக்க மூன்று வினாடி கொடுத்தால் 33 மீற்றர், அதாவது ஏறக்குறைய 110 அடி. அப்படியானால் முக்கிய வரி 11 அங்குலம் இருக்க வேண்டும். தமிழில் இன்னொரு சிக்கல்: 'கி'யின் விசிறியும் 'கூ'வின் வாலும் மேலும் கீழும் இடம் பிடிப்பதால், 11 அங்குல வரியில் எழுத்தின் உடல் அதைவிடச் சிறிதாகவே நிற்கும். மூன்றடிப் பலகையில் இரண்டு வரியும் ஒரு போன் இலக்கமுமே அடங்கும். பத்துச் சேவைகளையும் பட்டியலிட இடமில்லை.

அச்சகத்தில் ஒரு புரூஃப் பார்க்காமல் "அடிங்க" என்று சொல்லிவிடாதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை, போனில் தமிழாகத் தெரியும் யுனிகோடுக்கு மாற்றாமல் எடுத்துப் போட்டால் போனில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யுனிகோடில் அனுப்பியதைத் தமிழுக்குச் சரியாக அமைக்காத வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் "கொ" பிரிந்து, கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம் கிடக்கும். கணினித் திரையில் சரியாக இருந்ததே என்பார்கள். ஆகவே அச்சுக்குப் போகும் கோப்பையே படமாக அனுப்பச் சொல்லி, போனில் பெரிதாக்கி, ஒவ்வொரு சொல்லாக வாசியுங்கள். ல, ள, ழ பார்த்தபின் போன் இலக்கத்தை அந்தப் படத்திலிருந்தே அழுத்தி அழைத்துப் பாருங்கள். அம்பாறை நகரிலும் அதன் சுற்றிலும் சிங்கள வரியும் வேண்டும்; அதை எழுதித் தருவது மொழிபெயர்ப்புச் செயலியாக இல்லாமல் வாசிக்கத் தெரிந்த ஒருவராக இருக்கட்டும்.

முகவரியில் இல. 45/2 என்று மட்டும் போட்டால் போதாது. இங்கே இடம் தேடுவது குறுக்கு வீதியின் பெயராலும் கோயில், பள்ளிவாசல், பாலத்தாலும்தான். "கல்லடிப் பாலம் தாண்டி எத்தனையாவது குறுக்கு, எந்தக் கை" என்பதை எழுதுங்கள்.

வீதியோரத்தில் பலகை நடுவதற்கு முன் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையில் கேட்டுவிடுங்கள். பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை, களுவாஞ்சிகுடி, கல்லடி என்று வரும் ஏ4 போன்ற பெரிய வீதியானால் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் உண்டு. ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவுக்குப் பொலிஸ் அனுமதி. துணிப் பேனருக்கு ஓரத்தை மடித்து ஒட்டி, இரண்டடிக்கு ஒரு வளையம் வைக்கச் சொல்லுங்கள்; நாலு மூலையில் மட்டும் கட்டியது கச்சான் காற்றில் ஒரு வாரம் தாங்காது. கார்த்திகை, மார்கழி மழையில் சுவரில் ஒட்டும் தாளுக்குச் செலவழிக்கவே வேண்டாம்.

திறப்பு விழாத் தள்ளுபடி

ஒரு சோற்றுப் பார்சல் 400 ரூபாய், ஆகும் செலவு 300 என்போம். ஒரு பார்சலுக்கு 100 மிச்சம். நாளைக்கு 30 பார்சல் என்றால் 3,000. இருபது வீதம் தள்ளுபடி கொடுத்தால் விலை 320, மிச்சம் 20. அதே 3,000ஐ எடுக்க 150 பார்சல் விற்க வேண்டும். ஒரு அடுப்பும் இரண்டு கையும் உள்ள சமையலறையில் 150 பார்சல் எப்படி? முடியாமல் போகும், சோறு பிந்தும், முதல் முறை வந்தவர் பிந்திய சோற்றோடு போவார். தள்ளுபடி முடிந்தபின் 400 என்றதும், "விலையக் கூட்டிட்டாங்க" என்ற பேச்சு வேறு.

விலையைத் தொடாமல் ஒரு வடையைக் கூட வையுங்கள். வடைக்கு 15 ரூபாய் போனால் மிச்சம் 85. 36 பார்சலில் பழைய கணக்கு வந்துவிடும். தையல்காரர் என்றால் முதல் துணியோடு ஒரு பழைய உடுப்பின் கொக்கியை இலவசமாக மாற்றிக் கொடுக்கலாம். விலை விலையாகவே நிற்கும்.

காசு இல்லாத வாரத்தில் கத்துவது

மாதம் 20ஆம் திகதி விளம்பரம் போட்டால் அரச உத்தியோகத்தர் பார்த்துவிட்டு மறந்துவிடுவார். சம்பளம் 25ஐ ஒட்டி, ஓய்வூதியம் 10ஐ ஒட்டி. படுவான்கரை, சம்மாந்துறைப் பக்கம் வேறு நாட்காட்டி: பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில், சிறுபோகம் ஆவணியை ஒட்டி. தளபாடம், நகை, மோட்டார் சைக்கிள் திருத்தம் போன்றவற்றுக்கு அந்த வாரங்கள்தான். விதைப்புக் காலத்தில் அதே வீட்டில் காசு உரத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பெருநாள் உடுப்புத் தைப்பவர் நோன்பின் கடைசிப் பத்து நாளில் விளம்பரம் போடுவது வீண். அதற்குள் எல்லாத் தையல் மெஷினும் நிரம்பியிருக்கும். நோன்பு தொடங்குவதற்கு முந்திய மாதமே சொல்ல வேண்டும். நோன்பு காலத்தில் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிரியாணிப் படம் போடுவதும் நல்லதல்ல. இரவில் தராவீஹ் தொழுகை முடிந்தபின் போடுங்கள். வெள்ளி நண்பகலில் காத்தான்குடியில் நோட்டீஸ் கொடுக்கப் போகாதீர்கள். மாமாங்கத் திருவிழா ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடியும். கூட்டத்தில் நோட்டீஸ் கொடுத்தால் நிலத்தில்தான் கிடக்கும். அங்கே தாகத்துக்கு ஒரு கோப்பைத் தண்ணீரோடு கடைப் பெயர் போட்ட விசிறி மட்டை கொடுத்தால் வீட்டுக்குப் போகும்.

கூகுள் மேப்பில் கடையைப் பதிவது இலவசம், அரை மணிநேர வேலை; சரிபார்ப்புக்குக் கடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம், பெயர்ப்பலகை அதில் தெரிய வேண்டும். முள் சரியாகக் கடை வாசலில் நிற்கிறதா, பூட்டும் நேரம் சரியா, அவ்வளவுதான். அறுகம்பையில் கடை போடுபவருக்கு மட்டும் இது பேஸ்புக்கைவிட முக்கியம். அலைச்சறுக்க வருபவர் மேப்பில் கருத்தைப் படித்துவிட்டே வாசலுக்கு வருவார். சொந்தக்காரரைக் கொண்டு ஒரே நாளில் பத்துப் பாராட்டு எழுதுவித்தால் அவை நீக்கப்படலாம், வாசிப்பவருக்கும் தெரிந்துவிடும்.

எதனால் வந்தார் என்று கேட்காமல் விடுவது

ஒரு சி.ஆர். கொப்பி போதும். மூன்று கோடு: திகதி, எப்படித் தெரியும், எவ்வளவுக்கு வாங்கினார். "எங்களை எப்படித் தெரியும், ராத்தா?" என்று கேட்பது ஒரு கேள்விதான், தயங்குவது கேட்பவர்தான், சொல்பவர் தயங்குவதில்லை.

நோட்டீஸ் எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் தனித்தனியே அச்சடிக்கத் தேவையில்லை. ஓர் ஊருக்கான 250 தாளையும் ஒன்றாக அடுக்கி, கட்டின் விளிம்பில் ஒரு நிறப் பேனையால் ஒரு கோடு இழுங்கள். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் சின்னப் புள்ளி விழும். நாவற்குடாவுக்குச் சிவப்பு, ஆரையம்பதிக்குப் பச்சை. தாளைக் கொண்டு வருபவருக்குச் சின்னச் சலுகை ஒன்று வைத்தால்தான் தாளும் திரும்பி வரும்.

ஆயிரம் நோட்டீசுக்கும் கொடுப்பதற்குமாக 6,000 ரூபாய் போய், புதிதாக 12 பேர் வந்தால் ஒருவருக்கு 500. ஒரு பிளவுசில் மிச்சம் 350 என்றால் முதல் துணியில் ஆளுக்கு 150 கைக்கடி. அவர்கள் இரண்டாம் துணியோடு வந்தால் கணக்கு நேராகும், வராவிட்டால் நோட்டீஸ் வேண்டாம். அதனால் கொப்பியில் நாலாவதாக ஒரு கோடும் இழுத்துவிடுங்கள்: திரும்பி வந்தாரா.