ராத்திரி இரண்டு மணிக்கு என்ன செய்வது என்று பகலிலேயே முடிவு செய்யுங்கள்

"இனி எங்களால ஒன்னும் செய்ய முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லபடியா வச்சுப் பாத்துக்கங்க." எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, தொண்டைப் புற்றுநோய் முற்றியபோது ஒரு பெரிய மருத்துவமனையில் சொன்னது இவ்வளவுதான். நல்லபடியாகப் பார்த்துக்கொள்வது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வலி தாங்காமல் அப்பச்சி எழுந்து உட்கார்ந்துகொண்டு பத்தியில், அதாவது தாழ்வாரத்தில், இருந்த தூணைப் பிடித்து ஆட்டினார்கள். தெருவில் ஒரு வெளிச்சம் கிடையாது, யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, கார் பிடித்து தேவகோட்டையிலிருந்து மதுரைக்கு ஓடினோம். அங்கே போய்ச் சேர்ந்தபிறகு கிடைத்தது ஒரே ஒரு மருந்து, அது மாத்திரையாக வீட்டிலேயே இருந்திருக்கலாம். அதன்பிறகு அப்பச்சி எங்களோடு ஏழு வாரம் இருந்தார்கள், மறுபடி ஒரு தடவைகூட அப்படி ஓடவில்லை. அந்த ஏழு வாரத்தில் கற்றுக்கொண்டதையும், அப்புறம் சுற்றுவட்டாரத்தில் நாலைந்து வீடுகளில் கூடமாட இருந்து பார்த்ததையும்தான் எழுதுகிறேன்.

நோயோடு வரும் வலியையும் மற்ற அவதிகளையும் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் வலி நிவாரணப் பராமரிப்பு (பாலியேட்டிவ் கேர்) என்றால் கடைசி வாரத்துக்கானது என்று நம் ஊரில் நினைக்கிறோம். அது தவறு. கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆரம்பிக்கலாம், ஆரம்பிக்கவும் வேண்டும். கேன்சருக்கு மட்டும் என்பதும் இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவர்கள், இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குகிறவர்கள், பக்கவாதத்தில் படுத்தவர்கள், மறதி நோய் முற்றியவர்கள் எல்லோருக்கும் இது உண்டு.

முதலில் ஆள் பிடியுங்கள்

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், கிராம சுகாதார செவிலியரிடம் நோயாளியின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீடு தேடி வருவது எல்லோருக்கும் தெரியும். அதே திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் செவிலியரும், பிசியோதெரபியும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கேட்டால்தான் வரும். போக முடியாவிட்டால் 104க்கு போன் செய்து விசாரியுங்கள். கூடவே, கூப்பிட்டால் வீட்டுக்கு வந்து பார்க்கக்கூடிய ஒரு குடும்ப டாக்டரைப் பகலில் நேரில் பார்த்து, "ராத்திரி போன் பண்ணலாமா?" என்று வெளிப்படையாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். அந்த ஒரு "சரி"யை நம்பித்தான் ராத்திரியில் தூங்க முடியும்.

மார்ஃபின்

கடும் வலிக்குக் கொடுக்கும் இந்த மருந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களுக்குப் பயம் அதிகம். "மார்ஃபின் குடுத்தா சீக்கிரம் போயிருவாக" என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். டாக்டர் சொல்லும் அளவில், வலிக்குத் தக்கபடி கூட்டிக்கொண்டு போனால் அப்படி நடக்காது. வலி குறைந்த ஆள் தூங்குகிறார், கொஞ்சம் சாப்பிடுகிறார், பேசுகிறார். மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டால் கிடைக்காது. அதற்கென்று அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் மட்டும்தான் கொடுப்பார்கள். 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி இந்த நடைமுறையை எளிதாக்கியிருக்கிறார்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை ராஜாஜி மருத்துவமனையிலோ, உங்கள் கேன்சர் டாக்டரிடமோ "வலிக்கு மார்ஃபின் எங்கே வாங்குவது?" என்று நேராகக் கேளுங்கள். நோய் விவரச் சீட்டுகள், நோயாளியின் அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்துக் கொண்டுபோங்கள்.

சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நாலு மணி நேரம்தான் வேலை செய்யும். அதனால் வலி வந்தபிறகு கொடுப்பது சரிவராது, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. இரவு பத்து மணி மாத்திரையை டாக்டர் பெரும்பாலும் இரட்டிப்பாக எழுதுவார், ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிக் கொடுக்கத் தேவைப்படாமல் இருக்கத்தான். நடுவில் வலி முட்டினால் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்படிக் கொடுத்தாலும் அடுத்த நேரத்து மாத்திரை அதன் நேரத்துக்கே போக வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் தூக்கம் தள்ளும், சிலருக்குக் குமட்டல் இருக்கும், இரண்டும் தானாகக் குறையும். மலச்சிக்கல் மட்டும் போகவே போகாது. மார்ஃபின் ஆரம்பித்த அன்றே மலமிளக்கியும் ஆரம்பிக்க வேண்டும், வாழைப்பழத்தை நம்பி இருக்காதீர்கள். மூன்று நாள் வெளிக்குப் போகவில்லை என்றால் செவிலியரிடம் சொல்லுங்கள். எழுப்பினாலும் எழாத மயக்கம், கை கால் வெட்டி வெட்டி இழுப்பது, மூச்சு மிகவும் மெதுவாவது, இவை வந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு மருந்து உடம்பிலேயே தங்கிவிடும், அதை முதல் நாளே டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள். மாத்திரைக்குப் பதிலாக, தோலில் ஒட்டும் ஃபென்டனில் என்ற வலி மருந்து ஒட்டுத்துணி கொடுத்திருந்தால் அதன்மேல் வெந்நீர் ஒத்தடம் கூடாது, வெயிலில் படவும் விடாதீர்கள். சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே போகும்.

"ஒன்னுலேருந்து பத்து வரைக்கும் வலி எவ்வளவு?" என்று செவிலியர் கேட்டபோது அப்பச்சிக்குப் பிடிபடவில்லை. "பதினாறு அணாவுல எத்தனை அணா?" என்று நான் கேட்டேன். "பன்னிரண்டு" என்று உடனே பதில் வந்தது. வட்டிக்கடையில் கணக்கெழுதிய கை அது. அன்றிலிருந்து ஒரு நீள நோட்டில் பேரேடு போலவே எழுதினோம். நேரம், என்ன மருந்து, எத்தனை அணா வலி, சாப்பாடு, வெளிக்குப் போனது. டாக்டர் அந்த நோட்டை இரண்டு நிமிஷம் புரட்டிவிட்டு அளவைக் கூட்டினார். இரண்டு நாளில் பன்னிரண்டு அணா நாலு அணாவானது. நோட்டு இல்லாத வீட்டில் "ராத்திரி பூரா வலின்னாக" என்று ஒருவரும், "இல்லையே, தூங்கினாகளே" என்று இன்னொருவரும் சொல்வார்கள், டாக்டர் எதை வைத்து மருந்து எழுதுவார்?

வீட்டைத் தயார் செய்வது

நம்முடைய செட்டிநாட்டு வீடுகள் கல்யாணத்துக்குக் கட்டியவை, படுத்திருப்பவருக்கு வசதியானவை கிடையாது. நிலைப்படி உயரம், சக்கர நாற்காலி ஏறாது. ஆசாரியிடம் சொல்லி இரண்டு பலகை சாய்வாக அடித்து வாங்குங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை குளுகுளுவென்று இருக்கும், ஈரம் பட்டால் கண்ணாடி மாதிரி வழுக்கும், கட்டிலிலிருந்து நாற்காலி வரை ரப்பர் பாய் போடுங்கள். கழிப்பறை பின்கட்டில் எங்கோ இருக்கும், அதனால் கமோடு நாற்காலி ஒன்று கட்டிலருகிலேயே இருக்கட்டும். கட்டிலை உள்ளறை இருட்டில் போடாதீர்கள். வளவை, அதாவது நடுமுற்றத்தை, ஒட்டிய பத்தியில், காற்று வரும் இடத்தில், வீட்டுச் சத்தம் காதில் விழும் இடத்தில் போடுங்கள். தாளிக்கிற சத்தம் கேட்டே "இன்னைக்கி என்ன குழம்பு?" என்று அப்பச்சி கேட்பார்கள், சாப்பிட முடியாதபோதும்.

காற்று மெத்தை வாங்கினால் மோட்டாரை இன்வெர்ட்டரில் போடுங்கள், கரண்ட் போனால் மெத்தை இறங்கிவிடும். மெத்தை இருக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டித்தான் ஆக வேண்டும். நாலு முழ வேட்டியை நாலாக மடித்து இடுப்புக்கு அடியில் போட்டு, இருபக்கமும் ஆள் நின்று தூக்கித் திருப்பினால் தோல் உராயாது. இழுத்துத் திருப்பாதீர்கள். வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், பின்மண்டை, இந்த இடங்களைக் குளிப்பாட்டும்போது தினம் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் புண் ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். நம் கறுப்புத் தோலில் சிவப்புத் தெரியாது, சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது. புண் நாற்றமெடுத்தால் அது பாவமோ அசுத்தமோ கிடையாது, கிருமிதான். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவச் சொல்வார்கள், நாற்றம் வெகுவாக அடங்கும், உறவுகள் மறுபடி பக்கத்தில் வந்து உட்காருவார்கள்.

மூச்சு வாங்கினால் உடனே ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஓட வேண்டாம். தலைப்பக்கம் உயர்த்தி, முன்னால் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவையுங்கள், சின்ன ஃபேனை முகத்துக்கு நேராகத் திருப்புங்கள், சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கலையச் சொல்லுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் டாக்டர் குறைந்த அளவு மார்ஃபின் கொடுப்பார், அது மூச்சுத்திணறலுக்கும் மருந்து.

அவசரப் பெட்டி ஒன்று கட்டிலருகே. நடுவில் கொடுக்கும் வலி மாத்திரை, வாந்தி மாத்திரை, மூளையில் கட்டி இருந்தால் வலிப்புக்கான மருந்து, கையுறை, டார்ச், போன் நம்பர் எழுதிய சீட்டு. கழுத்திலோ வாயிலோ புண் இருப்பவர்கள் வீட்டில் இன்னொன்றும் வேண்டும்: அரக்கு நிறத்தில் நாலைந்து பெரிய துண்டுகள். ரத்தம் பீறிட்டால் வெள்ளைத் துணியில் பார்க்கும்போது நோயாளியும் பதறிப்போவார், நீங்களும் பதறிப்போவீர்கள். அரக்குத் துண்டை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, விட்டுப் போகாமல் பக்கத்திலேயே இருங்கள். எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த செவிலியரை நான் மறக்கமாட்டேன்.

சாப்பாடு

இங்கேதான் பெரிய சண்டை வரும். "பட்டினி போட்டே கொன்னுட்டாக" என்று நாளைக்கு ஊர் சொல்லும் என்ற பயத்தில் வாயில் திணிப்பார்கள். கடைசிக் கட்டத்தில் உடம்பே சாப்பாட்டை வேண்டாம் என்கிறது. சாப்பிடாததால் அவர் போகவில்லை, போகப்போவதால்தான் சாப்பிடவில்லை. கேட்டால் கொடுங்கள், நிமிர்த்தி உட்காரவைத்து ஒரு ஸ்பூன் கஞ்சி, ஒரு வாய் கும்மாயம். கேட்கவில்லை என்றால் ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைத்து வாயைச் சுத்தமாக வையுங்கள். விழுங்க முடியாதவருக்கு ஆளாளுக்குப் பால் ஊற்றும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள், அது நுரையீரலுக்குள் போய் மூச்சடைக்கும். பாலில் நனைத்த பஞ்சை உதட்டில் தொட்டால் போதும், வழக்கமும் நிறைவேறும்.

பேச வேண்டியதைப் பேசுங்கள்

"கேன்சர்னு அவுககிட்ட சொல்லிராதீக" என்று ஊரே காப்பாற்றும். அவருக்குத் தெரியும். "ஒங்களுக்கு என்னன்னு நெனைக்கிறீக?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள், அவரே சொல்வார். எங்கே இருக்க ஆசை, வென்டிலேட்டர் வேண்டுமா, யார் முடிவெடுக்க வேண்டும், இதையெல்லாம் தெளிவாக இருக்கும்போதே கேளுங்கள். பேச முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதி வைப்பதுதான் முன்கூட்டிய மருத்துவ உயில். 2018இல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது அரசிதழ் அதிகாரியின் சான்று, அவ்வளவுதான். சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் பிள்ளைகள் கடைசி நேரத்தில் "ஏன் ஐசியூவில சேர்க்கல?" என்று கேட்பதற்கு அந்தத் தாள்தான் பதில். வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: கேதத்துக்கு வருவதற்கு எடுக்கும் டிக்கெட்டை இப்போதே எடுங்கள், பேச முடியும்போது வாருங்கள்.

பார்த்துக்கொள்வது ஒரே மருமகள் தலையில் விழக் கூடாது. ராத்திரி முறை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், ஆண்கள் பெயரும் அதில் இருக்கட்டும்.

கடைசி நாட்கள்

தூக்கம் கூடும், கை கால் சில்லிடும், முழங்காலில் திட்டுத்திட்டாக நிறம் மாறும், மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் கரகர சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் நமக்குத்தான் பயமாக இருக்கும், பெரும்பாலும் அவருக்கு வேதனை இருக்காது. ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்கவையுங்கள், டாக்டரிடம் சொன்னால் அதைக் குறைக்க மருந்து உண்டு. விழுங்க முடியாவிட்டாலும் வலி மருந்தை நிறுத்திவிடாதீர்கள், வேறு வழியில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். காது கேட்கும் என்று நினைத்தே பேசுங்கள், சொத்துப் பேச்சைத் திண்ணைக்குக் கொண்டுபோங்கள்.

மூச்சு நின்றபிறகு அவசரம் எதுவும் இல்லை. பேசி வைத்த டாக்டரைக் கூப்பிட்டு இறப்புக்கான காரணம் எழுதிய சான்று வாங்குங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் எரியூட்டுவதற்கு முன் எடுக்கச் சொல்லுங்கள், தீயில் வெடிக்கும். கிராமம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடமும், நகரம் என்றால் நகராட்சி, மாநகராட்சி அலுவலகத்திலும் 21 நாளுக்குள் பதியுங்கள். மிச்சமிருக்கும் மார்ஃபினை எண்ணி, நோட்டோடு சேர்த்து, வாங்கிய மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள், குப்பையில் போடாதீர்கள். கமோடு நாற்காலியையும் காற்று மெத்தையையும் டெட்டால் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்து, அந்தச் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டு மெத்தை இப்போது மூன்றாவது வீட்டில் இருக்கிறது.