பழைய பைக், நீண்ட பயணம், ஏறும் வயது: நான் பார்த்த தவறுகள், தவிர்க்கும் வழிகள்

எனக்கு 66 வயது ஆகிறது. 40 ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய பைக்குகளைப் பிரித்துப் பூட்டி, அந்த வண்டிகளிலேயே தூர தூரமாகப் போய் வந்திருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்த ஆசைக்குத் திரும்பி வருகிறவர்கள் பலர். கையில் நேரம் இருக்கிறது, கொஞ்சம் சேமிப்பும் இருக்கிறது. இளம் வயதில் ஏக்கத்தோடு பார்த்த வண்டி இப்போது கைக்கு எட்டும் இடத்தில் வந்து நிற்கிறது. அவர்களில் பாதிப் பேர் வண்டியை ரோட்டில் இறக்குவதற்கு முன்பே சலித்துப்போகிறார்கள். இன்னும் சிலர் இறக்கிய பிறகு உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இரண்டையும் அருகிலிருந்து பார்த்திருப்பதால்தான் எழுதுகிறேன்.

நான் முதலில் கேட்பது ஒன்றுதான். இந்த வண்டியில் எங்கே போகப் போகிறீர்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஸ்பேனரை எடுத்தால், அடுத்து எடுக்கும் முடிவுகள் எல்லாமே கோணலாகப் போகும். கண்காட்சியில் நிறுத்தப்போகும் வண்டிக்கும் நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடப்போகும் வண்டிக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு. நான் இங்கே சொல்வதெல்லாம் ஓடப்போகும் வண்டிக்கு.

வாங்கும்போது

மூட்டையாகக் கிடக்கும் வண்டியை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவது முதல் தவறு. இன்ஜின் தனியாக, ஃபிரேம் தனியாக, மீதி நாலு அட்டைப்பெட்டியில் இருக்கும். "எல்லாம் இருக்கிறது, பூட்ட வேண்டியதுதான்" என்பார்கள். பூட்ட உட்காரும்போதுதான் இல்லாதது எல்லாம் தெரியும். பிஸ்டன், ரிங், வால்வு இவையெல்லாம் தேடினால் கிடைக்கும், இல்லாவிட்டால் செய்து வாங்கலாம். டூல்பாக்ஸ் மூடி, செயின் கவர், ஹெட்லைட் ரிம், அந்த மாடலுக்கே உரிய ஒரு சின்ன பிராக்கெட் ஆகியவற்றுக்குத்தான் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். துருப்பிடித்திருந்தாலும் முழுசாக இருக்கும் வண்டியை வாங்குங்கள். இன்ஜின் நம்பரையும் ஃபிரேம் நம்பரையும் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும். நம்பர் இருக்கும் இடம் தேய்க்கப்பட்டிருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

அப்புறம், வாங்கும் முன்பே அந்த வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, தள்ளி, மறுபடி ஸ்டாண்டில் ஏற்றிப் பாருங்கள். பத்து முறை கிக் அடித்துப் பாருங்கள். 25 வயதில் ஆசைப்பட்ட பெரிய சிங்கிள் சிலிண்டர் வண்டி 65 வயது முழங்காலுக்கு ஒத்துவராமல் போகலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 250 சிசி வண்டியிலும் உலகம் முழுவதும் சுற்றலாம்.

பிரிக்கும்போது

ஒரே இரவில் மொத்த வண்டியையும் பிரித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் காலை பெரிய தட்டில் நூறு நட்டு, வாஷர், ஸ்பிரிங் கலந்து கிடக்கும். ஆறு மாதம் கழித்துப் பூட்டும்போது எது எங்கே இருந்தது என்று எவருக்கும் நினைவிருக்காது. கழற்றும் முன் படம் எடுங்கள். கழற்றியதைச் சின்னப் பையில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஸ்பேனர் விஷயத்தில் நடக்கும் தவறு இன்னும் மோசம். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது எம்எம் கணக்கு இல்லை, விட்வொர்த் கணக்கு. ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1841இல் வகுத்த அந்த மரையின் கோணம் 55 டிகிரி. இன்றைய மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனர் பிடிக்கும் நட்டின் தலை அகலம் சுமார் 13.3 மில்லிமீட்டர். 13 நம்பர் ஸ்பேனர் நுழையாது. 14 போட்டால் நுழைந்துவிடும், ஆனால் அரை மில்லிக்கு மேல் ஆடும். அழுத்தித் திருகினால் நட்டின் முனை மழுங்கும், இரண்டாவது முறை ஸ்பேனர் நழுவும், விரல் முட்டி இன்ஜினைக் குளிர்விக்கும் தகடான ஃபின்னில் போய் மோதும். அதற்கு மேல் உளி, சுத்தியல் என்று இறங்கியதும் வண்டியின் அழிவு தொடங்கிவிடும். சரியான ஸ்பேனர் செட்டுக்குச் செலவழிப்பதுதான் இந்த வேலையில் முதல் செலவாக இருக்க வேண்டும்.

பழைய பிரேக் டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். பெட்ரோல் டேங்கில் ஓட்டை இருந்தால், காலி டேங்க்தானே என்று வெல்டிங் வைக்கவே கூடாது. உள்ளே திரவம் இல்லாவிட்டாலும் ஆவி இருக்கும். வெடிப்பது அந்த ஆவிதான்.

பெயின்டுக்கு அவசரப்படுவது

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். என் இரண்டாவது வண்டிக்கு ஃபிரேம், மட்கார்டு, டேங்க் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்து, கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏற்றி வைத்துவிட்டுப் பூட்ட ஆரம்பித்தேன். பின் மட்கார்டு பிராக்கெட்டின் துளை ஃபிரேம் துளையோடு சேரவில்லை. நாலு மில்லிமீட்டர் தள்ளி நின்றது. எப்போதோ விழுந்து வளைந்த வண்டி என்பது அப்போதுதான் தெரிந்தது. புது பெயின்டின் மேலேயே ஃபைல் போட்டுத் தேய்க்க வேண்டியதாயிற்று. பெயின்ட் செதிலாக உதிர்ந்து என் கால்மேல் விழுந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

பெயின்டுக்கு முன் முழு வண்டியையும் ஒருமுறை வெறும் இரும்பாகப் பூட்டிப் பாருங்கள். சக்கரம் நேராக நிற்கிறதா, செயின் ஒரே கோட்டில் ஓடுகிறதா, டேங்க் ஹேண்டிலில் இடிக்கிறதா என்று எல்லாம் பாருங்கள். முடிந்தால் அந்த நிலையிலேயே கொஞ்ச தூரம் ஓட்டியும் பாருங்கள். அதன் பிறகு பிரித்துப் பெயின்டுக்கு அனுப்புங்கள். இரண்டு முறை பூட்டும் வேலைதான், ஆனால் அதுதான் குறுக்குவழி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பெனியில் அடித்த பெயின்ட் முக்கால்வாசி இருந்தால் அதைச் சுரண்டி எடுக்காதீர்கள். டேங்கில் முழங்கால் உரசித் தேய்ந்த இடம், கையால் இழுத்த தங்கக் கோட்டின் சின்ன நடுக்கம் இவையெல்லாம் போனால் போனதுதான். என் முதல் வண்டியின் டேங்கை நான் சுரண்டி எடுத்தேன். இன்றைக்கு அந்த டேங்க் திரும்பக் கிடைத்தால் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்வேன்.

இன்ஜின்

இன்ஜின் கேஸைப் பளிச்சென்று ஆக்க மணல் அடிக்கக் கொடுப்பது இன்ஜினுக்குக் குழி வெட்டுவது போல. ஆயில் போகும் துளைகளில் ஒரு சிட்டிகை மணல் தங்கினாலும் போதும், புது பேரிங் சில நூறு கிலோமீட்டரில் போய்விடும். மணல் கலந்த நீரால் சுத்தம் செய்யும் முறை மென்மையானது. அதற்கும் துளைகளை அடைத்து அனுப்பி, வந்ததும் ஒவ்வொரு துளையையும் கழுவி, காற்று ஊதிப் பார்க்க வேண்டும்.

ஆயிலிலும் பலர் தடுமாறுகிறார்கள். பழைய இன்ஜின்கள் பலவற்றில் இன்றைய மாதிரி ஃபில்டர் கிடையாது, ஒரு வலைதான் இருக்கும். பல ஆண்டுகளாக அடியில் கசடு படிந்திருக்கும். திறந்து சுத்தம் செய்யாத இன்ஜினில் டிடர்ஜென்ட் கலந்த நவீன ஆயிலை ஊற்றினால், அந்தக் கசடு கரைந்து கிளம்பிப் போய் ஆயில் வழியை அடைத்துவிடும். முழுதாகப் பிரித்து, கிராங்கில் கசடு தங்கும் குழியையும் சுத்தம் செய்த இன்ஜின் என்றால் நவீன ஆயில் ஊற்றலாம்.

ஆயில் டேங்க் தனியாக இருக்கும் வண்டிகளை மாதக்கணக்கில் நிறுத்தினால் ஆயில் மெல்லக் கசிந்து இன்ஜின் அடியில் இறங்கிவிடும். டேங்கில் ஆயில் குறைந்திருக்கிறதே என்று மேலே ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால் புகையும் ஆயிலும் வெளியே பீய்ச்சும், சீலும் போகலாம். முதலில் அடி போல்ட்டைத் திறந்து வடித்துவிட்டு, பிறகு அளவு பாருங்கள்.

சிலிண்டரைக் கடைந்து (போர் செய்து) புது பிஸ்டன் போட்ட இன்ஜினை முதல் 1000 கிலோமீட்டருக்கு ஒரே வேகத்திலும் ஓட்டக் கூடாது, உயர் கியரில் திணறவிட்டும் ஓட்டக் கூடாது. வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றுங்கள். சூடாகி ஆறிய பிறகு ஹெட் போல்ட்டையும், புதிதாகக் கட்டிய சக்கரமானால் ஸ்போக்கையும் மறுபடி சரிபாருங்கள்.

பெட்ரோலோடு ஆயில் கலக்கும் டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு, பழைய ஜாவா மாதிரி, இன்னொரு எச்சரிக்கை. நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிவிட்டுக் கியரிலேயே இறங்கினால் பெட்ரோல் போகாது, அதோடு ஆயிலும் போகாது. பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அவ்வப்போது கொஞ்சம் திருகிவிட்டுக்கொண்டே இறங்குங்கள், இல்லையென்றால் கிளட்சைப் பிடியுங்கள்.

பயணம் கிளம்பும் முன்

டயரின் பட்டன் நன்றாக இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000க்கு முந்தைய டயர். அதை அன்றே கழற்றுங்கள். ரப்பர் ஓடாமல் நின்றாலும் கெட்டிப்படும், மழையில் பிடிக்காது.

இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் ஃபைபர் டேங்குகளையும் அரிக்கும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாயாக மாற்றிவிடுங்கள். பல பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். பழக்கத்தில் மாற்றிக் கொடுத்தால், ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் போய்விடும். கிளட்ச் வயருக்கு உதிரியை டூல் பையில் வைப்பதைவிட, பழைய வயரின் கூடவே ஓட்டி டேப் சுற்றிவிடுங்கள். வழியில் அறுந்தால் இரண்டு முனையையும் மாட்டினால் போதும்.

உடம்பு

வண்டிக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூடப் பலர் தங்கள் உடம்புக்குக் கொடுப்பதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். நல்ல நண்பர்கள் இதனால் ஓட்டுவதையே நிறுத்தியிருக்கிறார்கள்.

கிக் அடிப்பதில் தொடங்குவோம். பெரிய சிங்கிள் சிலிண்டரில் ஆத்திரமாக மிதிப்பவரின் முழங்கால்தான் முதலில் போகும். சிலிண்டரில் அடைபட்ட அழுத்தத்தைத் திறந்துவிடும் டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து, கிக்கரை மெல்ல அழுத்துங்கள். பழைய புல்லட்டில் மின்னோட்டம் காட்டும் அம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும் இடம் தெரியும். அங்கே லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பாதத்தின் நடுப்பகுதியால் ஒரே சீராக, கடைசிவரை மிதியுங்கள். வேகத்தைவிட முழு மிதிதான் முக்கியம். முழங்காலை விறைப்பாக நீட்டி வைக்கக் கூடாது, கிக்கர் திருப்பி அடித்தால் அடி முழுவதும் மூட்டில் இறங்கும். கையால் ஸ்பார்க் டைமிங்கை மாற்றும் லீவர் உள்ள வண்டியில் அதைப் பின்தள்ளி வைக்காமல் மிதிக்கவே மிதிக்காதீர்கள்.

அடுத்தது இருட்டு. 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பழைய 6 வோல்ட் வண்டியின் ஹெட்லைட் பல்பு பெரும்பாலும் 30 வாட்தான். இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு இரவில் ஓட்டுவது என்னைப் பொறுத்தவரை கூடவே கூடாது. சூரியன் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அன்றைய பயணத்தை முடித்துவிடுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி சுமார் 17 மீட்டர் போகிறது. நம் அனிச்சை கொஞ்சம் மெதுவாகியிருக்கிறது, டிரம் பிரேக்கும் மெதுவாகத்தான் பிடிக்கும். முன்னால் போகும் வண்டியிலிருந்து இளைஞர்கள் விடும் இடைவெளியைப் போல இரண்டு மடங்கு விடுங்கள். வண்டியில் பக்கக் கண்ணாடி இருந்தாலும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். திரும்பவில்லை என்றால் தினமும் கழுத்துக்குப் பயிற்சி கொடுங்கள்.

வயதானால் தாகம் தெரிவது குறையும். எனவே தாகத்துக்குக் காத்திருக்காமல், இறங்கும் இடத்திலெல்லாம் தண்ணீர் குடியுங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்று இரைச்சலே 90 டெசிபலைத் தாண்டும். மாலையில் வரும் அசதிக்கு அது பெரிய காரணம். காதில் பஞ்சடைப்பான் வைத்துக்கொண்டால் அசதி குறையும், காதும் மிஞ்சும். சளி, அலர்ஜி மாத்திரைகள் சில தூக்கம் வரவழைக்கும். நீங்கள் எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலை மருத்துவரிடம் காட்டி, பைக் ஓட்டுவேன் என்று சொல்லிக் கேளுங்கள்.

தூரத்தில் கணக்கு மாற வேண்டும். இளம் வயதில் ஒரே நாளில் 600 கிலோமீட்டர் போனவர் இன்றும் அதே கணக்கில் திட்டம் போடுகிறார். நான் 200, மிஞ்சினால் 250 என்று வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருமுறை இறங்கி நடக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் செயினைத் தொட்டுப் பார்க்கலாம், ஆயில் கசிவு பார்க்கலாம், இன்ஜினும் ஆறும்.

வயதைக் காரணம் காட்டி மொத்தமாக விட்டுவிடுவதும் தவறுதான். நியூசிலாந்தின் பர்ட் மன்ரோ 1920ஆம் ஆண்டு மாடல் இந்தியன் ஸ்கவுட்டைப் பல ஆண்டுகள் தன் கையாலேயே மாற்றி மாற்றிக் கட்டினார். 1967இல் அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் அதை மணிக்கு 183 மைலுக்கு மேல் ஓட்டிச் சாதனை செய்தபோது அவருக்கு 68 வயது. நமக்கு அந்த வேகம் தேவையில்லை. அவர் அந்த ஒரே வண்டியை விடாமல் பார்த்துக்கொண்டதைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

திரும்பி வந்ததும்

பயணம் முடிந்து வந்த அசதியில் பலர் பெட்ரோல் டேப்பை மூடாமல் படுத்துவிடுகிறார்கள். கார்புரேட்டரின் ஊசி தேய்ந்திருந்தால் இரவெல்லாம் பெட்ரோல் சொட்டி, சிலிண்டர் வழியாக ஆயிலில் போய்க் கலக்கும். அந்த ஆயிலோடு ஸ்டார்ட் செய்தால் பேரிங்குக்குப் பாதுகாப்பே இல்லை. டேப்பை மூடுங்கள். காலையில் டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள், பெட்ரோல் வாசனை வந்தால் ஆயிலை மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அன்றைக்கு ஓடிய தூரம், குடித்த பெட்ரோல், ஊற்றிய ஆயில், புதிதாகக் கேட்ட சத்தம் எல்லாவற்றையும் தேதி போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, இன்ஜின் ஆறுவதற்குள் எழுதிவிடுவேன். போன பக்கத்தில் "மூன்றாவது கியரில் மெல்லிய உறுமல்" என்று இருக்கிறது. நாளை காலை அதைத்தான் பார்க்க வேண்டும்.