பள்ளி மைதானத்தில் திரையிடல், மறுநாள் படப்பிடிப்பு

திரைக்கு 10 அடி அகலம், 5.6 அடி உயரத்தில் தடித்த வெள்ளைத் துணி போதும். பின்னால் கறுப்புத் துணி கொடுத்தால் வெளிச்சம் ஊடுருவி வீணாகாது. மேலே மட்டும் கட்டினால் காற்றில் உப்பிப் படம் நெளியும். நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். காற்று பலமானால் தயங்காமல் திரையை இறக்கிவிடுங்கள், கம்பம் பிள்ளைகள் மேல் சாயக் கூடாது.

3000 லூமென்ஸ் (ஒளி அளவு) புரொஜெக்டரின் எறிதூர விகிதம், அதாவது திரைக்குள்ள தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தது, 1.5 என்றால் திரையிலிருந்து 15 அடி தள்ளி வைக்க வேண்டும். சூரியன் மறைந்து 40 நிமிடமாவது கழியட்டும். அதற்குமுன் இருண்ட காட்சிகள் தெரியாது. ஜெனரேட்டர் 30 மீட்டருக்கு அப்பால், புகை கூட்டத்தின் பக்கம் வராத திசையில். ஒலிபெருக்கி தலைகளுக்கு மேலே.

மறுநாள், ஐந்து பேருக்கு ஒரு கைபேசி, ஒரு நிமிடப் படம், எட்டு ஷாட் (நிறுத்தாமல் எடுக்கும் ஒரு துண்டு). எடிட்டிங் வேண்டாம்: பதிவை நிறுத்தி நிறுத்தித் தொடரும் வசதியில், கதை வரிசையிலேயே எடுக்கட்டும். பிள்ளைகள் கேமராவை ஓயாமல் அசைப்பார்கள். அசையாமல் பிடித்து மனதுக்குள் ஐந்து எண்ணச் சொல்லுங்கள்; பாதிக் குறை இதிலேயே தீரும். வசனம் பேசுபவர் கைபேசிக்கு மூன்றடிக்குள் நிற்காவிட்டால் காற்றிரைச்சல்தான் பதிவாகும். எடுத்ததை அன்றிரவே திரையிடுங்கள். ஷாட்டுக்கு ஷாட் பொறுப்பை மாற்றுங்கள், இல்லையேல் துணிச்சலான பிள்ளையிடமே கேமரா தங்கிவிடும். கூச்சப்படும் பிள்ளையின் கைக்குத்தான் அது முதலில் போக வேண்டும்.