ஜப்பானுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: விளையாடியே கானா படிக்கலாம்

வீடு, வங்கிக் கணக்கு, சிம் கார்டு என்று அலைந்த களைப்பில் எழுத்துப் படிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்துகளான கான்ஜிக்கு ஆண்டுகள் ஆகும், அது இருக்கட்டும். கானா என்பது ஒலியைக் குறிக்கும் எழுத்து, அதில் இரண்டு வகை: ஹிரகானா 46, கத்தகானா 46. தினமும் 15 நிமிடம் கைப்பேசியில் விளையாடினாலே இவை வசமாகும்.

நமக்குப் பாதி வேலை முன்பே முடிந்திருக்கிறது. கானாவின் வரிசை அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. புத்த சமயத்தோடு கிழக்கே போன இந்திய எழுத்து முறையின் தடம் அது. அதனால் விளையாட்டில் எல்லா எழுத்தையும் ஒரே நாளில் திறக்காமல், ஒவ்வொரு வரிசையாகத் திறந்துகொண்டு போங்கள். ஓரிடத்தில் மட்டும் கவனம் வேண்டும். 'கடல்', 'தங்கம்' இரண்டிலும் நாம் ஒரே க எழுதி, ஒலியை இடம் பார்த்து மாற்றிக்கொள்கிறோம். இங்கே எழுத்தின் வலது மேல்மூலையில் இரண்டு சிறு கோடுகள் போட்டால்தான் அது தங்கத்தின் க.

நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் விளையாட்டு முதல் வாரத்தோடு போதும். அதில் ஊகமே பாதி வேலையைச் செய்துவிடும். எழுத்தைப் பார்த்து ஒலியைத் தட்டச்சு செய்யச் சொல்லும் விளையாட்டுக்கு மாறுங்கள். கொஞ்சம் வேகம் வந்ததும் 'சுஷிதா' என்ற தட்டச்சு விளையாட்டை ஆடிப் பாருங்கள். சுஷித் தட்டு நகர்ந்து மறைவதற்குள் சொல்லை அடிக்க வேண்டும். கீழே ரோமன் எழுத்தும் தெரியும், அதை ஒரு தாளால் மறைத்துவிடுங்கள்.

பெரும்பாலும் ஹிரகானாவில்தான் தொடங்கச் சொல்வார்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு, பிறமொழிச் சொற்களை எழுதப் பயன்படும் கத்தகானாவை நான் சொல்வேன். பாக்கெட்டின் பின்பக்கத்தில் 'போகு' (பன்றி இறைச்சி), 'சிகின்' (கோழி), 'ராடோ' (பன்றிக் கொழுப்பு), 'ஸெராச்சின்' (ஜெலட்டின்) எல்லாம் அதில்தான் இருக்கும். 'எகிசு' என்று முடிந்தால் அது சாறு; முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இறைச்சியின் பெயர் கான்ஜியிலும் வரும் என்பதால் மாடு, பன்றி, கோழி என்ற மூன்று எழுத்துகளை மட்டும் படம்போல மனதில் பதித்துவையுங்கள்.

கத்தகானாவில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஷி, ட்சு. ஷியில் சிறு கோடுகள் இடப்பக்கம் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும், நீண்ட கோடு கீழிருந்து மேலேறும். ட்சுவில் சிறு கோடுகள் மேலே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், நீண்ட கோடு கீழிறங்கும். 'ன்', 'ஸோ' இரண்டுக்கும் இதே கதைதான். திரையில் எத்தனை முறை தவறினாலும், தாளில் பத்துமுறை எழுதினால் தெளிந்துவிடும்.

தனி எழுத்து விளையாட்டு சொல்லித்தராத ஒன்று உண்டு: வாக்கியத்தில் எழுவாயை அடுத்து வரும் 'ஹ'வை 'வ' என்று படிக்க வேண்டும்.

ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளில் ஹிரகானாவும் இருக்கும். டோக்கியோவில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் நிஷிகசாயில் தோசாய் லைன் ரயில் ஏறினால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ரோமன் எழுத்துக்குக் கண் போகுமுன் கானாவைப் படித்துப் பாருங்கள்: க-சா-இ, உ-ரா-யா-சு.