வெடுக்குநாறி மலைக்குப் போறியளோ?
இலங்கையின் வவுனியா மாவட்டத்தில், நெடுங்கேணிப் பக்கம், ஒலுமடுக் காட்டுக்குள் நிற்கும் வெடுக்குநாறி மலைக்கு விடியக்காலையே வெளிக்கிடுங்கோ. நீதிமன்ற அனுமதியோடு 2023இல் விக்கிரகங்கள் திரும்ப வைக்கப்பட்ட மலைச் சிவன் கோயிலில், ஆதிலிங்கேஸ்வரரை வெறுங்காலோடுதான் கும்பிட வேணும். வெயில் ஏறினால் பாறை சுட்டெடுக்கும்.

பாலைப்பழக் காலத்தில் கூடுதல் கவனம் தேவை. பழம் தின்னக் கரடி வரும். பழம் சிந்திக் கிடக்கும் மரத்தடிக்குத் தனியாகப் போகாதேங்கோ. நாலைந்து பேராய்ச் சத்தமாகக் கதைத்தபடி நடந்தால், அநேகமாக அதுவே விலகிப் போயிடும். யானையும் உண்டு, பொழுதுபடமுன் திரும்புங்கோ.

ஆட்கள் நடந்த தடத்தை விட்டு இறங்கவே வேண்டாம். வன்னியில் கண்ணிவெடி அகற்றாத இடங்கள் இன்னும் இருக்கு. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் வந்த தடத்தாலேயே திரும்புங்கோ.

பாறையில் பழைய எழுத்துகள் உண்டு. சோக்கால் கீறிப் பார்க்காதேங்கோ, காலைச் சாய்வெயிலில் தானாகத் தெரியும்.